பெயர் நீங்கிப் பிழைத்த நூல்: மார்கரீத் பொரேத்தின் கைப்படிகள் குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

1310ஆம் ஆண்டு மே 31, ஞாயிற்றுக்கிழமை. பாரிஸ் நகரின் கிரேவ் சதுக்கத்தில் கூட்டத்தின் முன் ஒரு தீர்ப்பு வாசிக்கப்பட்டது. வாசித்தவர் விசாரணை அதிகாரி கீயோம். சாமிநாதர் (டொமினிக்கன்) சபைத் துறவி. மன்னர் நான்காம் பிலிப்பிடம் பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருவும் அவரே. குற்றவாளி, ஹெனோ பகுதியைச் சேர்ந்த மார்கரீத் என்ற பெண். பொரேத் என்று அழைக்கப்பட்டவர். முன்பே தண்டிக்கப்பட்ட தப்பறைக்கே, அதாவது திருச்சபை தவறென்று விலக்கிய போதனைக்கே, அவர் திரும்பிவிட்டதாக அறிவித்த தீர்ப்பு, அவரை அரசு அதிகாரியிடம் ஒப்படைத்தது. மறுநாள் ஜூன் 1 அன்று அவர் உயிரோடு எரிக்கப்பட்டார்.

அதே தீர்ப்பில் இன்னொரு கட்டளையும் இருந்தது. அவர் எழுதிய நூல் அழிக்கப்பட வேண்டும். யாரிடமாவது அதன் படி இருந்தால், வரும் புனித பேதுரு, பவுல் திருநாளுக்குள், அதாவது ஜூன் 29க்குள், விசாரணை அதிகாரியிடமோ பாரிஸ் சாமிநாதர் மடத்தின் தலைவரிடமோ ஒப்படைக்க வேண்டும். தவறினால் சபைநீக்கம்.

அந்தக் கெடு முடிந்து எழுநூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. இன்று அந்த நூலின் கைப்படிகள் பழைய பிரெஞ்சிலும் லத்தீனிலும் இத்தாலியத்திலும் நடுக்கால ஆங்கிலத்திலுமாகச் சுமார் 15 இருக்கின்றன, துண்டுகள் தனி. அந்தக் காலத்துத் தாய்மொழி நூல் ஒன்று, எழுதியவரின் நாட்டைத் தாண்டி இத்தனை மொழிகளுக்குப் போனதே அரிது. தண்டிக்கப்பட்ட நூல் போனது அதைவிட அரிது. ஆனால் அந்தப் படிகளில் எதிலும் எழுதியவர் பெயர் மார்கரீத் பொரேத் என்று இல்லை. இந்த ஆய்வு அந்த இரண்டு செய்திகளுக்கும் இடையிலான உறவைப் பற்றியது. நூலைக் காப்பாற்றியவர்கள் எழுதியவரைத் தொலைத்துவிட்டார்கள். அவர் யார் என்பதற்கான சான்றைப் பத்திரமாக வைத்திருந்தவர்களோ, அவரைக் கொன்றவர்கள்.

மூவர் பேசும் நூல்

'எளிய ஆன்மாக்களின் கண்ணாடி' என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்நூல் ஓர் உரையாடல். முதன்மையாகப் பேசுவோர் மூவர்: அன்பு, அறிவு, ஆன்மா. மூவருமே பெண்கள். நம்பிக்கை, உண்மை, பெரிய திருச்சபை, சிறிய திருச்சபை என்று வேறு குரல்களும் இடையிடையே வந்து போகின்றன. சிறிய திருச்சபை அறிவின் ஆளுகையில் இருப்பது, கண்ணுக்குத் தெரியும் அமைப்பு. பெரிய திருச்சபை அன்பின் ஆளுகையில் இருக்கும் ஆன்மாக்களின் கூட்டம். இந்தப் பாகுபாடு ஒன்றே அந்தக் காலத்து ஆயர் ஒருவரைக் கலங்கடிக்கப் போதுமானது.

தொடக்கத்தில் ஒரு கதை வருகிறது. தொலைவில் வாழும் ஓர் அரசகுமாரி, அலெக்சாந்தர் மன்னனின் கொடைச்சிறப்பைக் கேள்விப்பட்டுக் காதல்கொள்கிறாள். அவனைக் காண முடியாத வேதனையில், தன் மனத்தில் இருப்பதுபோலவே அவனுடைய உருவத்தை வரையச் செய்து, அந்தப் படத்தைத் துணையாகக்கொண்டு அவனைக் கனவு காண்கிறாள். என் நிலையும் அதுதான் என்கிறது ஆன்மா. தொலைவிலிருக்கும் மன்னர் தம்மை நினைவூட்ட எனக்குக் கொடுத்த உருவமே இந்த நூல்.

அதன்பின் ஆன்மா ஏழு நிலைகளில் ஏறுவது சொல்லப்படுகிறது. கட்டளைகளைக் கைக்கொள்வதில் தொடங்கி, ஐந்தாம் நிலையில் தன் விருப்பம் என்று ஒன்று இல்லாமல் கடவுளின் விருப்பத்தில் கரைந்துபோவது வரை. ஆறாம் நிலை மின்னல்போல் ஒரு கணம் திறந்து மூடும் தெளிவு. ஏழாவது இறப்புக்குப் பிறகுதான். இப்படித் தன்னை இழந்த ஆன்மாவுக்கு எதுவும் வேண்டியதில்லை, எதுவும் தெரியாது, எதுவும் சொந்தமில்லை. கடலில் கலந்த ஆறு தன் பெயரை இழந்துவிடுவதுபோல் அதுவும் தன் பெயரை இழந்துவிடுகிறது என்று நூலே சொல்கிறது.

நூலின் உயிர் உரையாடலில்தான் இருக்கிறது. அன்பு திகைக்கவைக்கும் ஒன்றைச் சொல்லும். அறிவு பதறிப்போய், இதை எப்படிப் புரிந்துகொள்வது என்று கேட்கும். அன்பு விளக்கும். அறிவுக்கு மறுபடியும் விளங்காது. அறிவின் கேள்விகள் பெரும்பாலும் சாதாரண வாசகரின் கேள்விகளே. சாதாரண மக்களுக்காகக் கேட்கிறேன் என்று அறிவே சில இடங்களில் சொல்லவும் செய்கிறது. 87ஆம் அதிகாரத்தில் அறிவு மூர்ச்சித்து இறந்துபோகிறது. ஆனாலும் கேள்விகள் நிற்பதில்லை. அறிவு உயிரோடு இருந்தால் என்ன கேட்டிருக்குமோ அதை அன்பே கேட்டுப் பதிலும் சொல்கிறது. கேட்பவர் செத்த பிறகும் கேள்வியைக் கைவிடாத இந்தப் பொறுமையை நான் வேறெந்த ஞான நூலிலும் பார்த்ததில்லை.

வலன்சியென் நகரில் ஒரு தீ, பாரிஸில் இன்னொன்று

மார்கரீத்தின் வாழ்க்கை பற்றித் தெரிவதெல்லாம் வழக்குப் பதிவுகளிலிருந்தும் வரலாற்றுக் குறிப்பேடுகளிலிருந்தும் கிடைப்பவை. அவை அவரை பெகீன் என்கின்றன. பெகீன்கள் மடத்தின் நிரந்தர வாக்குறுதி எதுவும் எடுக்காமல் செபத்திலும் உழைப்பிலும் வாழ்ந்த பொதுநிலைப் பெண்கள். வட பிரான்சிலும் இன்றைய பெல்ஜியத்திலும் அவர்கள் ஏராளமாக இருந்தார்கள். கற்றவர் என்றும் ஒரு குறிப்பேடு அவரைச் சொல்கிறது. நூலைப் படித்தவர்களுக்கு அதற்குச் சான்று தேவையில்லை.

1296க்கும் 1306க்கும் இடையில் எப்போதோ, காம்ப்ரே ஆயர் கீ த கொல்மியூ இந்த நூலைக் கண்டித்து, வலன்சியென் நகரில் மார்கரீத்தின் கண்ணெதிரிலேயே எரிக்கச் செய்தார். இனி அதைப் பரப்பினால் தண்டனை உண்டு என்ற எச்சரிக்கையும் தரப்பட்டது. அவர் கேட்கவில்லை. ஷாலோன் ஆயருக்கு நூலை அனுப்பினார். எளிய மக்களிடமும் அதைக் கொண்டுசேர்த்தார் என்பது பின்னால் அவர்மீது சாட்டப்பட்ட குற்றம். இங்கே ஒரு நடைமுறைச் செய்தி கவனிக்கத்தக்கது. கண்ணெதிரே எரிந்த நூலை மறுபடியும் அனுப்ப வேண்டுமானால் வேறு படிகள் ஏற்கெனவே இருந்திருக்க வேண்டும், அல்லது யாரோ உட்கார்ந்து மீண்டும் எழுதியிருக்க வேண்டும். நூலின் முதல் படியெடுப்பாளர்கள் அவரைச் சுற்றி வாழ்ந்தவர்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

மூன்று அறிஞர்களிடமும் நூல் போயிருக்கிறது. ஒருவர் பிரான்சிஸ்கன் துறவி. இன்னொருவர் வில்லே மடத்தைச் சேர்ந்த சிஸ்தர்சியன் துறவி ஃபிராங்கோ. மூன்றாமவர் பாரிஸ் பல்கலைக்கழகத்தின் பெயர்பெற்ற இறையியலாளர் ஃபொந்தேன் கொட்ஃப்ரீ. முதல் இருவரும் வெளிப்படையாகவே பாராட்டினார்கள். இது தூய ஆவியாரால் ஆனது, உலகத்து அறிஞர்கள் எல்லாரும் சேர்ந்தாலும் மறுக்க முடியாது என்றார் பிரான்சிஸ்கன். கொட்ஃப்ரீயின் சொற்கள் எச்சரிக்கையானவை. நூலில் தவறு என்று அவர் சொல்லவில்லை. பலர் பார்க்க வேண்டாம் என்றார். தங்களுக்கு உரிய வழியை விட்டுவிட்டு இந்த வழியில் புறப்பட்டு, கடைசிவரை போய்ச்சேராமலேயே நின்றுவிடக்கூடும் என்பது அவர் கவலை. இந்த மதிப்புரைகள் எரிப்புக்கு முன் பெறப்பட்டவையா பின் பெறப்பட்டவையா என்பதில் ஆய்வாளர்கள் இரண்டு பக்கம் நிற்கிறார்கள். லத்தீன், ஆங்கிலப் படிகளில் இவை இருக்கின்றன. முழுமையாகக் கிடைத்திருக்கும் பிரெஞ்சுப் படியில் இல்லை.

1308இன் இறுதியில் மார்கரீத் பாரிஸில் காவலில் இருந்தார். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு அவர் சத்தியப்பிரமாணம் எடுக்க மறுத்தார்; எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லவில்லை. அவருக்கு ஆதரவாக முன்வந்த கியார் த கிரெசோனெசார் என்பவரும் சிறைப்பட்டார். மரண அச்சுறுத்தலின் கீழ் அவர் வாய்திறந்தார். ஆயுள் சிறை கிடைத்தது. மார்கரீத் கடைசிவரை பேசவில்லை. தம் நூலில் அத்தனை பேரைப் பேசவைத்தவர் நீதிமன்றத்தில் ஒரு சொல்கூட உதிர்க்கவில்லை என்பது பலரையும் போல என்னையும் உலுக்குகிறது. ஆனால் அந்த மௌனத்துக்குள் புகுந்து பொருள் சொல்ல நமக்கு உரிமை இல்லை என்று நினைக்கிறேன்.

காலமும் மோசமானது. சிலுவைப்போர்க் காலத்தில் தோன்றிய துறவுப் போர்வீரர் சபையினரான தெம்ப்ளர்களின் வழக்கும் அதே விசாரணை அதிகாரியின் கையில்தான் இருந்தது. 1310 மே 12 அன்று 54 தெம்ப்ளர்கள் பாரிஸில் எரிக்கப்பட்டார்கள். மார்கரீத்தின் முறை அதற்கு மூன்று வாரம் கழித்து வந்தது. அவர் காட்டிய பக்தியைக் கண்டு கூடியிருந்தோர் பலர் அழுததாக, அவருக்குச் சிறிதும் ஆதரவில்லாத குறிப்பேடு ஒன்றே பதிவுசெய்திருக்கிறது.

பிய்த்தெடுத்த வாக்கியங்கள்

வழக்கின் நடுநாயகமான நாள் 1310 ஏப்ரல் 11. பாரிஸின் மாதுரின் ஆலயத்தில் 21 இறையியலாளர்கள் கூடினார்கள். விவிலிய விளக்கவுரைகளால் பின்னாளில் ஐரோப்பா முழுதும் அறியப்பட்ட லீரா நிக்கொலாவும் அவர்களில் ஒருவர். அவர்கள் முன் முழு நூல் வாசிக்கப்படவில்லை. நூலிலிருந்து எடுக்கப்பட்ட சில கூற்றுகள், எண்ணிட்டு, தனித்தனியாக வைக்கப்பட்டன. குறைந்தது 15 கூற்றுகள் இருந்தன என்பது உறுதி, ஏனெனில் பதிவில் முதலாவதும் பதினைந்தாவதும் முழுமையாகத் தரப்பட்டிருக்கின்றன. தன்னையிழந்த ஆன்மா நற்பண்புகளிடமிருந்து விடைபெறுகிறது, இனி அவற்றுக்கு அடிமையில்லை என்பது முதலாவது. அத்தகைய ஆன்மா கடவுள் தரும் ஆறுதல்களையும் கொடைகளையும் பொருட்படுத்துவதில்லை என்பது பதினைந்தாவது. மூன்றாவதாக ஒன்றை, வரலாற்றுக் குறிப்பாளர் நாஞ்சி கீயோமின் (விசாரணை அதிகாரி கீயோம் வேறு) குறிப்பேட்டைத் தொடர்ந்து எழுதியவர் தருகிறார்: தன்னையிழந்த ஆன்மா, மனச்சான்றின் உறுத்தல் இல்லாமல், இயற்கை கேட்பதையெல்லாம் அதற்குக் கொடுக்கலாம்.

இப்படித் தனியே நிறுத்தினால் மூன்றுமே ஒழுக்கக்கேட்டுக்கு விடப்பட்ட அழைப்புபோல ஒலிக்கின்றன. நூலுக்குள் திரும்பக் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். நற்பண்புகளிடமிருந்து ஆன்மா விடைபெறும் பாடலைக் கேட்டதும் அறிவு அதிர்ச்சியடைகிறது; இறையியலாளர்கள் கேட்ட அதே கேள்வியைக் கேட்கிறது. அன்பு பதில் சொல்கிறது: நற்பண்புகள் அந்த ஆன்மாவைவிட்டுப் போய்விடவில்லை, முன்பு அவை எஜமானிகள், ஆன்மா பணிப்பெண், கற்றுமுடித்த பிறகு உறவு தலைகீழாகிவிட்டது, இப்போது அவை ஆன்மாவுக்குப் பணிசெய்கின்றன. இயற்கை கேட்பதையெல்லாம் கொடுக்கலாம் என்ற இடத்திலும் அப்படித்தான். அன்போடு ஒன்றுபட்டுவிட்ட அத்தகைய ஆன்மாவின் இயற்கை நன்கு ஒழுங்குபட்டது, விலக்கப்பட்ட எதையும் அது கேட்பதே இல்லை என்ற தொடர்ச்சி அங்கேயே இருக்கிறது. அந்தத் தொடர்ச்சி கூற்றில் இடம்பெறவில்லை.

இது வெட்டியெடுத்தவரின் தனிப்பட்ட வஞ்சகம் என்று சொல்ல மாட்டேன். கூற்றுகளாகப் பிரித்துப் பரிசீலிப்பது பல்கலைக்கழகத்தின் வழக்கமான முறை. பல பேராசிரியர்களின் நூல்களும் அதற்கு உட்பட்டன. ஆனால் உரையாடல் நூலுக்கு அந்த முறை பெரும் அநீதி. யார் யாரிடம் சொன்னது, எந்தக் கேள்விக்குச் சொன்னது, அடுத்த பேச்சு எப்படித் திருத்துகிறது என்பவைதானே உரையாடலின் பொருள்? அவற்றை அகற்றிவிட்டால் எஞ்சுவது வேறு நூல். அந்த வேறு நூலைத்தான் 21 பேரும் ஒருமனதாகக் கண்டித்தார்கள். மே 9 அன்று திருச்சபைச் சட்ட வல்லுநர்கள், ஆயரின் தடைக்குப் பிறகும் நூலைப் பரப்பியவர் மீண்டும் தப்பறையில் விழுந்தவரே என்று முடிவுசெய்ய, வழக்கு முடிந்தது.

1311–12இல் கூடிய திருச்சபையின் வியன் பொதுச்சங்கம் பெகீன்கள் மீதும், அவர்களைப் போல் வாழ்ந்த ஆண்களான பெகார்டுகள் மீதும் எட்டுத் தவறுகளைச் சாட்டியது. அவற்றில் ஆறாவது, நிறைவுபெற்ற ஆன்மா நற்பண்புகளுக்கு விடைகொடுக்கிறது என்பது. ஒரு பாடலிலிருந்து பிய்த்த வரி, ஆயிரக்கணக்கான பெண்களின் வாழ்க்கைமுறையைத் தாக்கும் சட்டத்தின் பகுதியாகிவிட்டது.

பெயரில்லாத பயணம்

ஜூன் 29 கெடுவுக்குள் எத்தனை படிகள் ஒப்படைக்கப்பட்டன என்பதற்குப் பதிவில்லை. ஒப்படைக்கப்படாதவை இருந்தன என்பதற்குச் சான்று, நூல் இன்று நம் கையில் இருப்பதே.

14ஆம் நூற்றாண்டிலேயே நூல் லத்தீனுக்குப் போய்விட்டது. அது முக்கியமான மாற்றம். வட பிரான்சின் பேச்சுமொழியில் பெண்களும் பொதுநிலையினரும் கேட்டுக்கொண்டிருந்த நூல், அப்போதுமுதல் எல்லா நாட்டுத் துறவிகளுக்கும் எட்டியது. இத்தாலியில் இரண்டு தனித்தனி மொழிபெயர்ப்புகள் உருவாயின. அவற்றில் ஒன்று, எழுதியவர் அங்கேரியின் அரசகுமாரியான புனித மார்கரீத் என்று சொல்கிறது. மார்கரீத் என்ற பெயர் மட்டும் எப்படியோ ஒட்டிக்கொண்டு வந்து, வேறொரு பெண்ணைத் தேடிப்பிடித்துக்கொண்டது போலிருக்கிறது. 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் நூல் மீண்டும் சந்தேகத்துக்கு உள்ளானது. சியன்னாவின் பெர்நார்தினோ தம் மறையுரைகளில் பெயர்சொல்லித் தாக்கினார். அதாவது, மறையுரையில் தாக்கும் அளவுக்கு அது வாசிக்கப்பட்டுக்கொண்டிருந்தது.

இங்கிலாந்துப் பயணம்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 'எம்', 'என்' என்ற இரண்டு எழுத்துகளால் மட்டும் தம்மை அடையாளப்படுத்திக்கொண்ட ஒருவர் நூலைப் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்தார். முன்னுரையில் அவர் சொல்பவை ஒரு மொழிபெயர்ப்பாளரின் நேர்மைக்குச் சாட்சி. இது தம் இரண்டாம் முயற்சி என்கிறார். முதல் மொழிபெயர்ப்பின் சில சொற்களை மக்கள் தவறாக எடுத்துக்கொண்டதாகக் கேள்விப்பட்டாராம். தமக்குக் கிடைத்த பிரெஞ்சுப் படி மோசமாக எழுதப்பட்டது, இடையிடையே சொற்களும் அசைகளும் விடுபட்டதால் பொருளே கெட்டிருக்கிறது என்றும் எழுதுகிறார். பிறகு, இடறக்கூடிய சுமார் 15 இடங்களில் விளக்கம் சேர்க்கிறார். ஒவ்வொரு விளக்கமும் 'எம்' என்று தொடங்கி 'என்' என்று முடிகிறது. எது நூலாசிரியர் வாக்கு, எது தம் வாக்கு என்பதில் குழப்பம் வரக்கூடாது என்ற கவனம் அது.

விளக்கங்கள் வரும் இடங்களைப் பாருங்கள்: நற்பண்புகளிடமிருந்து விடைபெறுதல், இயற்கைக்கு வேண்டியதைக் கொடுத்தல். பாரிஸில் கூற்றுகளாக எடுக்கப்பட்ட அதே இடங்களில் இவரும் நின்று யோசித்திருக்கிறார். தொடக்கத்தில் ஆன்மா நற்பண்புகளுக்காக இரவுபகலாக உழைக்கிறது, பிறகு அவை பழகி இயல்பாகிவிடுகின்றன, அந்த உழைப்பின் அடிமைத்தனத்துக்குத்தான் விடைகொடுக்கிறது என்று பொறுமையாக எடுத்துச்சொல்கிறார். நூல் தண்டிக்கப்பட்டது என்பதோ எழுதியவர் எரிக்கப்பட்டார் என்பதோ அவருக்குத் தெரிந்ததற்கான அறிகுறி எதுவும் இல்லை. அதே வாக்கியங்களின் முன் இருவகை வாசகர்கள். ஒரு சாரார் வெட்டியெடுத்தார்கள். இவர் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினார்.

அவருடைய மொழிபெயர்ப்பின் மூன்று படிகள் கிடைத்திருக்கின்றன: கேம்பிரிட்ஜின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் ஒன்று, ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லி நூலகத்தில் ஒன்று, பிரிட்டிஷ் நூலகத்தில் ஒன்று. மூன்றுக்கும் கர்த்தூசியன் சபையோடு தொடர்பு உண்டு. தனியறைகளில் மௌனமாக வாழும் கர்த்தூசியன் துறவிகளுக்குப் படியெடுப்பது வெறும் வேலை அன்று. வாயால் போதிக்க முடியாதவர்கள் கையால் போதிப்பது என்பது அவர்களின் பழைய மரபு. பாட்லி படி லண்டன் கர்த்தூசியன் மடத்துக்கு உரியது. பிரிட்டிஷ் நூலகப் படியில் ஷீன் மடத்துத் துறவி ஜேம்ஸ் கிரெனெஹால்கின் குறிப்புகள் இருக்கின்றன. அதே கட்டில்தான் இங்கிலாந்தின் பெண் ஞானி நார்விச் ஜூலியனின் காட்சிகள் பற்றிய குறுவடிவமும் இருக்கிறது. அதற்கு உலகில் வேறு படி கிடையாது. ஐரோப்பியப் பெண்களின் ஞான எழுத்தில் இரண்டு உச்சங்கள் ஒரே கட்டுக்குள், ஒரே துறவு மரபின் கவனிப்பில் தப்பிப் பிழைத்திருக்கின்றன.

1491இல் யார்க்‌ஷயரின் மவுண்ட் கிரேஸ் மடத்துத் துறவி ரிச்சர்ட் மெத்லி, இந்த ஆங்கில வடிவத்தை லத்தீனுக்கு மொழிபெயர்த்தார். பிரெஞ்சிலிருந்து ஆங்கிலம், ஆங்கிலத்திலிருந்து லத்தீன். ஏற்கெனவே ஒரு லத்தீன் வடிவம் இத்தாலியில் உலவுவது அவருக்குத் தெரியாது போலும். மெத்லியும் விளக்கங்கள் சேர்த்தார். கேம்பிரிட்ஜின் பெம்ப்ரோக் கல்லூரியில் இருக்கும் அந்தப் படியை எழுதியவர் ஷீன் மடத்தின் வில்லியம் டார்க்கர். இதற்கு அரை நூற்றாண்டுக்குள் எட்டாம் ஹென்றி அந்த மடங்களைக் கலைத்தார். லண்டன் மடத்தலைவர் ஜான் ஹௌட்டனும் அவருடைய துறவிகள் பலரும் கொல்லப்பட்டார்கள். நூல்கள் சிதறின. 'கண்ணாடி' இரண்டாம் முறையாகத் தப்பியது.

பிரான்சிலேயே நினைவு முற்றிலும் அறுந்துவிடவில்லை. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸ் பல்கலைக்கழக வேந்தர் ஜான் ஜெர்சோன், வலன்சியென் நகரின் 'மரியா' என்ற பெண் நம்பமுடியாத நுட்பத்தோடு எழுதிய நூல் ஒன்றைப் பற்றிக் குறிப்பிடுகிறார். பெயர் பிசகியிருக்கிறது, ஊர் சரி. 16ஆம் நூற்றாண்டில் நவார் அரசி மார்கரீத், தம் நெடுங்கவிதை ஒன்றில், ஒரு பெண் எழுதிய அன்பு நிறைந்த நூலை மனமுருகிப் பாராட்டுகிறார். 'தொலைவில் இருக்கும் அண்மையன்' என்று கடவுளை அந்த நூல் அழைப்பதையும் எடுத்துக்காட்டுகிறார். அது 'கண்ணாடி'யில் வரும் பெயர். ஒர்லியான் அருகிலுள்ள மதலேன் கன்னியர் மடத்தோடு அவருக்குத் தொடர்பு இருந்தது. முழுமையாக எஞ்சியிருக்கும் ஒரே பிரெஞ்சுப் படி அந்த மடத்துக்குரியது. இப்போது அது ஷாந்தியியின் கொந்தே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1946

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில எழுத்தாளர் ஈவ்லின் அண்டர்ஹில் இந்த நூலின் ஆங்கில வடிவத்தைப் பற்றி எழுதி வாசகர் கவனத்துக்குக் கொண்டுவந்தார். 1927இல் அந்த வடிவம் இக்கால ஆங்கிலத்தில் அச்சேறியது. திருச்சபையின் அச்சு அனுமதியோடு, ஒரு கத்தோலிக்கப் பக்தி நூல் வரிசையில். எழுதியவர் ஓர் ஆண் என்றே பொதுவாகக் கருதப்பட்டது. 1310இல் வைத்திருந்தாலே சபைநீக்கம் என்ற நூல், 1927இல் விசுவாசிகளுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. இதற்காக அந்தப் பதிப்பாளர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. பெயரும் வழக்கும் கண்ணை மறைக்காதபோது நூலில் அவர்கள் கண்டது ஆழ்ந்த கிறிஸ்தவ ஞானம். அது ஒரு மதிப்பீடு. 21 பேரின் மதிப்பீட்டுக்கு எதிரே வைத்துப் பார்க்க வேண்டியது.

வழக்கின் ஆவணங்கள் இதற்கிடையில் பாரிஸ் தேசிய ஆவணக்காப்பகத்தில் உறங்கிக்கொண்டிருந்தன. மன்னர் பிலிப்பின் அமைச்சர்களான நொகாரே, பிளேசியான் ஆகியோரின் தாள்களோடு சேர்ந்திருந்ததால் அவை தப்பின. 19ஆம் நூற்றாண்டில் அவற்றின் பகுதிகள் அச்சாகி, மார்கரீத் பொரேத் என்ற பெயர் வரலாற்றாசிரியர்களுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் ஆவணங்கள் நூலின் தலைப்பைச் சொல்வதில்லை. ஆகவே ஒரு பக்கம் நூல் இழந்த பெண்; மறுபக்கம் பெயர் இழந்த நூல். இரண்டும் அச்சில் இருந்தும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

சேர்த்தவர் ரொமானா குவார்னியேரி என்ற இத்தாலிய ஆய்வாளர். வத்திக்கான் நூலகத்தில் இருந்த லத்தீன் படிகளை வாசித்துக்கொண்டிருந்தவர், வழக்கில் கண்டிக்கப்பட்ட கூற்றுகள் அந்தப் பக்கங்களில் இருப்பதைக் கண்டார். 1946 ஜூன் 16 அன்று வத்திக்கானின் நாளிதழான லொஸ்ஸெர்வத்தோரே ரொமானோவில் தம் கண்டுபிடிப்பை அறிவித்தார். 1965இல் ஷாந்தியி படியின் பிரெஞ்சுப் பாடத்தை விரிவான ஆய்வோடு வெளியிட்டார். 1986இல் லத்தீனும் பிரெஞ்சும் எதிரெதிர்ப் பக்கங்களில் அமைந்த பதிப்பு, பவுல் வெர்தெயெனோடு இணைந்து வந்தது.

பிய்த்தெடுத்த வாக்கியங்கள்தான் நூலைக் கொன்றன. எழுதியவரைத் திருப்பிக் கொடுத்தவையும் அவையே.

எந்தப் படியை நம்புவது

இந்த அடையாளம் எவ்வளவு உறுதியானது? 2013இல் வரலாற்றாசிரியர் எலிசபெத் பிரவுன், நம்மிடம் இருக்கும் 'கண்ணாடி'யும் பாரிஸில் எரிக்கப்பட்ட நூலும் ஒன்றேதான் என்பதற்கான சான்றுகளைக் கேள்விக்கு உட்படுத்தினார். மூன்று கூற்றுகளின் ஒற்றுமையை மட்டும் வைத்து ஒரு நூல் முழுவதையும் ஒருவருக்கு உரியதாக்கலாமா என்பது நியாயமான கேள்வி. 2017இல் ஷான் ஃபீல்ட், ராபர்ட் லெர்னர், சில்வான் பிரோன் மூவரும் சான்றுகளை மீண்டும் வரிசைப்படுத்திப் பதிலளித்தார்கள். எனக்கு அவர்கள் பக்கம் வலுவாகத் தெரிகிறது. கூற்றுகளின் ஒற்றுமை கருத்தளவில் நிற்காமல் சொற்சேர்க்கை வரை போகிறது. மார்கரீத் என்ற பெயரும் வலன்சியென் என்ற ஊரும் ஒன்றையொன்று அறியாத சாட்சிகளிடமிருந்து வருகின்றன. நூலுக்குள்ளேயே ஆசிரியர், பெகீன்களும் குருக்களும் சாமிநாதர் சபையாரும் அகுஸ்தீனார் சபையாரும் கார்மேல் சபையாரும் பிரான்சிஸ்கன்களும் தாம் தவறுவதாகச் சொல்வதைப் பாட்டாக எழுதிவைத்திருக்கிறார். எதிர்ப்பின் நடுவில் எழுதிய ஒரு பெண்ணின் குரல் அது.

நான் அதிகம் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. மேற்கோள் காட்டும் எல்லாரும் ஷாந்தியி படியையே மூலமாக எடுத்துக்கொள்கிறார்கள். அது 1450க்கும் 1530க்கும் இடையில் எழுதப்பட்டது. மார்கரீத் இறந்து குறைந்தது 140 ஆண்டுகள் கழித்து, மொழி புதுப்பிக்கப்பட்ட நிலையில் உள்ள பாடம். 1999இல் ஜெனெவியெவ் ஹசெனோர், வலன்சியென் நகர நூலகத்தில் இருந்த ஒரு பக்தித் தொகுப்பில் 'கண்ணாடி'யின் 77, 78ஆம் அதிகாரங்களின் பகுதிகள் கலந்திருப்பதைக் கண்டுபிடித்தார். வேறு தலைப்பின் கீழ், எந்தக் குறிப்பும் இல்லாமல், வட பிரான்சின் பிக்கார்தி வட்டார மொழியில். ஷாந்தியி பாடத்தைவிட அது மூலத்துக்கு நெருக்கமானது என்றும், பாடம் வேறுபடும் இடங்களில் ஆங்கில மொழிபெயர்ப்பு இந்தத் துண்டோடு ஒத்துப்போகிறது என்றும் அவர் காட்டினார்.

இதன் விளைவு பெரியது. சொற்கள் விடுபட்ட மோசமான பிரெஞ்சுப் படி என்று அந்த ஆங்கில மொழிபெயர்ப்பாளர் அலுத்துக்கொண்டாரே, அது ஷாந்தியி படியைவிடப் பழைய, நல்ல மரபைச் சேர்ந்ததாக இருந்திருக்க வேண்டும். ஆகவே பாடபேதம் வரும் இடங்களில் ஆங்கிலப் படிகளை அடிக்குறிப்பில் தள்ளிவிடாமல் பிரெஞ்சுக்குச் சமமான சாட்சியாக எடைபோட வேண்டும். புதிதாக ஒரு பதிப்பு வருமானால் ஷாந்தியி, பழைய லத்தீன், ஆங்கிலம், வலன்சியென் துண்டு ஆகிய நான்கும் ஒரே பக்கத்தில் தெரியும்படி அமைய வேண்டும் என்பது என் விருப்பம். கூடவே, ஹசெனோர் கண்டெடுத்ததுபோல வேறு பெயர்களின் கீழ் பக்தித் தொகுப்புகளுக்குள் கரைந்துகிடக்கும் அதிகாரங்களையும் தேட வேண்டும். வலன்சியென் துண்டு பட்டியலில் வேறு நூலாகத்தான் இருந்தது. அந்தப் பட்டியல்களை வரிவரியாக வாசிக்க ஆள் வேண்டும்.